நான் மேடையில் புகழ்ந்த ஓட்டுநர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருவேளை மருந்தோடும் மூவேளை வழக்காடலோடும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட அமைதியாக நலமுற்று வாழ வேண்டுமென்பதே எங்கள் விருப்பம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் இன்னும் அவளுக்குப் பகைதான். மொட்டைமாடித் தொட்டியின் கசிவை ஒருவழியாக அடைத்துவிட்டோம். அடைக்க வந்த கொத்தனார், "ஊரெல்லாம் முழங்குறவரு வீட்ல இப்படி வாயே திறக்காம உக்காந்திருக்காரே, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று அம்மாவிடம் கேட்டாராம். வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே அவள் ஒரு வாரம் சிரித்திருப்பாள். இப்போது அவளும் சிரிக்கவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். தொலைபேசியில் "விட்டுடுங்கப்பா" என்று சொல்லி நீ இணைப்பைத் துண்டித்த பிறகு நடந்தவற்றை நீ அறியமாட்டாய். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் நீ எடுக்கவில்லை. கடிதத்தை நடுவில் துண்டிக்க இயலாது. மடித்து வைக்கலாம், மடித்து வைத்தாலும் அது உன் மேசைமேல்தான் கிடக்கும். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

அன்று நீ கேட்காமல் விட்ட இடத்திலிருந்து சொல்ல வேண்டுமானால் அந்தக் கூட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற படைவீரர்களைப் பாராட்டும் கூட்டம், சிறப்புரை உன் அப்பா. பாராட்டப்பட்டவர்களுள் வீரப்பதக்கம் பெற்ற ஓட்டுநர் ஒருவன், இப்போது அரசு மருத்துவமனையில் அவசர ஊர்தி ஓட்டுகிறவன், நீ படையில் ஓட்டுநராக இருந்த பிரிவில் நெட்டையன் என்று அழைக்கப்பட்டவன். எறிகணை வீழ்ந்து பாதி இடிந்த பாலத்தின்மேல் மூன்று முறை ஊர்தியை ஓட்டிச் சென்று, அக்கரையில் காயமுற்றுக் கிடந்தவர்களை இக்கரை சேர்த்தான் என்று விருதுக் குறிப்பில் கண்டிருந்தது. இப்படியொரு குறிப்பை என் கையில் கொடுத்தால் என்ன ஆகுமென்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பாலத்தை நான் பார்த்ததில்லை; ஆயினும் அதன் விரிசல் ஒவ்வொன்றையும் அரங்கத்தார் கண்முன் நிறுத்தினேன். தாய்மண்ணின் குரல் அழைத்தது, அவன் போனான் என்றேன். இவனை ஈன்ற வயிறு எந்த வயிறு என்று கை நீட்டிக் கேட்டேன். அரங்கம் அதிர்ந்தது. நெட்டையன் மட்டும் தலையைக் குனிந்தபடியே இருந்தான், அடக்கமென்று எண்ணி அதையும் புகழ்ந்தேன். முன்வரிசையில் உன் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்ட கேள்விக்கு விடை அவள்தான் என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

கூட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில், அவன் என் முன்னால் வந்து நின்றான். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான். "ஐயா, நீங்க மைக்குல சொன்னது நான் இல்லைங்க. அது உங்க பொண்ணு" என்றான். பேச்சையே தொழிலாகக் கொண்ட நான் அருகிலிருந்த நாற்காலியை இழுத்து அவனை உட்காரச் சொன்னேன். பிறகு அவனே சொன்னான். உங்கள் ஊர்திப் பிரிவில் மறுநாள் எந்த வண்டியை யார் ஓட்டுவதென்று முதல்நாள் மாலையே பலகையில் எழுதிவிடுவார்களாம். எழுதிய பெயரை அழித்தால் அதிகாரிக்குப் பிடிக்காது. பிரிவு முழுவதையும் மண்மூட்டை சுமக்க வைத்துவிடுவாராம். ஆகவே ஓட்டுநர்கள் தங்களுக்குள் வாய்மொழியாக மாற்றிக்கொள்வார்கள், யார் ஓட்டினாலும் பலகையில் பெயர் உள்ளவனே மாலையில் கையொப்பமிடுவான், அதுதான் உங்கள் வழக்கமாம். அன்று அவனுக்குக் கடுங்காய்ச்சல். எழ முயன்றவனை நீ கூடாரத்துக்குள் தள்ளிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாய். மாலையில் அவன் காய்ச்சலோடு கையொப்பமிட்டான். அந்தக் கையொப்பத்தை வைத்து அதிகாரி விருதுக்குப் பரிந்துரைத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் இருவரும் தண்டனை பெற்றிருப்பீர்கள். நீ அவனைச் சொல்லவிடவில்லை. முகாமை விட்டே அகலாதவள் என்று பதிவாகியிருந்ததால், எறிகணை வெடிப்பில் கேட்காமற்போன இடச் செவியைச் சளியினால் வந்த சீழ் என்று முகாம் மருத்துவரிடம் நீயே சொன்னாய். இன்றும் உன் பணிப்பதிவில் அப்படித்தான் இருக்கிறது: களப்பணி இல்லை, காயம் இல்லை, விருது இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று எண்ணினேன். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு, "அவ வந்திருந்தப்ப எப்பவும் என் இடது பக்கமாவே வந்து உக்காந்தா, கவனிச்சீங்களா? சோபாவுல இடம் இல்லேன்னாலும் என்னை நகரச் சொல்லி அந்தப் பக்கமே உக்காந்தா. என் பேச்சைக் கேக்கணும்னு உக்காந்திருக்கா" என்றாள். நான் கவனிக்கவில்லை. எனக்கு எப்போதும் எதிரே நிற்பவர்களைப் பார்த்துத்தான் பழக்கம்.

உடனே உன்னை அழைத்தேன். "விட்டுடுங்கப்பா, அவருக்கு ரெண்டு பிள்ளைங்க, அந்தப் பதக்கத்தை வச்சுத்தான் அவருக்கு வேலையே கிடைச்சுது" என்று நீ சொன்னதும் எனக்குச் சினம் பொங்கியது உண்மை. ஆயினும் உன் சொல்லை மீறவில்லை, மேடையிலும் வாய் திறக்கவில்லை. பதக்கத்தை உன் பெயருக்கு மாற்றக் கோரி எழுதி முடித்த விண்ணப்பத்தைக்கூட இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டேன். அந்த அளவில் நீ நினைத்தபடியே எல்லாம் அடங்கியிருக்கும். அடங்கவில்லை, மகளே. சென்ற வாரம் காலையில் கதவு தட்டப்பட்டது. நெட்டையனின் மனைவி, தலையைக்கூட ஒழுங்காக வாரிக்கொள்ளாமல் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மைக்கைப் பிடிச்சு என் வீட்டுக்காரரை உசரத்துல ஏத்தினதும் நீங்கதான், இப்ப தள்ளிவிடுறதும் நீங்கதானா ஐயா" என்று கேட்டாள். நான் எதுவும் செய்யவில்லையே என்றேன். "நீங்க செய்யலை, உங்க பேச்சு செஞ்சுது. அன்னையிலருந்து அந்த மனுசன் சரியா சாப்பிடலை. முந்தாநாள் பதிவு ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்து, பதக்கத்தையும் மேசை மேல வச்சுட்டு வந்துட்டாரு" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அடுக்களையில் இருவரும் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் போகும்போது என்னிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும், "உங்க பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லைம்மா, ஆனா அவ ஒரு வார்த்தை சொன்னா என்ன" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே நாங்கள் இருவரும் படைப்பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நீண்ட தாழ்வாரம், சுவரோரம் வரிசையாக இரும்பு அலமாரிகள், கடைசி அறையில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த பிரிவு அலுவலர், நடுவயதுப் பெண்மணி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குமுன்பே, "ஐயா, உங்க பேச்சை நான் ரெண்டு தடவை கேட்டிருக்கேன், நல்லா பேசுவீங்க. இங்க நான் பேசுறேன், நீங்க கேளுங்க" என்றார். கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே உனக்குத் தருகிறேன், இதுதான் இக்கடிதத்தின் உயிர்நிலை. பணிமாற்றம் நோயின் பொருட்டு இருவரும் ஒப்பி நிகழ்ந்தது என்று இருவருமே எழுதிக் கொடுத்தால், ஆய்வுக்குழு அதைப் பணிமாற்றமென்று ஏற்று இருவர் பதிவையும் திருத்தலாம். விருது உனக்கு மாறும், அவன் பதிவில் உரிய குறிப்பு சேரும், அவன் வேலைக்குப் பரிந்துரை செய்யவும் குழுவுக்கு உரிமையுண்டு. அவனுடைய எழுத்து மட்டும் தனித்து நின்றால், பிறர் செய்ததைத் தான் செய்ததாகக் கையொப்பமிட்டுப் பதக்கம் பெற்றவன் என்று அவனே ஒப்புக்கொண்டதாக ஆகும். வேலை போகும், வழக்கும் வரும். வேறு சான்றுண்டா என்று கேட்டேன். பரிந்துரைத்த அதிகாரி இறந்துவிட்டார். ஊர்தியின் பின்பகுதியில் கிடந்தவர்கள் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சவங்க ரெண்டே பேர், ஒருத்தர் சொல்லிட்டாரு" என்று அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். வரும் மாதம் முதல் வியாழனன்று குழு கூடுகிறது. அதற்குள் உன் கையெழுத்தில் உன் கூற்றும், நீ இருக்கும் ஊரின் மருத்துவர் உன் செவியைப் பார்த்துத் தரும் சான்றும் வந்து சேர வேண்டும். அதன்பின் கோப்பை மூடிவிடுவார்கள், மறுபடி திறக்கும் வழியில்லை.

எண்ணிப் பார். அவனைக் காப்பதற்காக நீ வாய்மூடினாய். நேற்றுவரை அந்த மௌனம் அவனுக்குக் குடையாக இருந்தது, இன்று அவன் தானாகவே வெளியே வந்து நின்றபின் அதே மௌனம் அவன்மேல் குற்றமாக விழப்போகிறது. எனக்கு உன் பதக்கம் வேண்டும், அதை மறைக்கமாட்டேன். உன் பெயர் பொறித்த அதை இந்த வீட்டுச் சுவரில் பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்குண்டு. ஆனால் அந்த ஆசையைச் சொல்லி உன்னை அழைத்தால் நீ வரமாட்டாய் என்பதும் தெரியும். ஆகவே அதை ஒருபுறம் வைத்துவிட்டுச் சொல்கிறேன், அவனுக்காக எழுது. என்ன எழுதுவதென்று நான் சொல்லித்தர மாட்டேன். நீ எழுதுவதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன், ஓர் அடைமொழியும் சேர்க்க மாட்டேன். ஆய்வுக்குழுவின் அறைக்குள் நான் வரலாம், பேசக்கூடாது என்று அந்த அம்மையார் கட்டளையிட்டிருக்கிறார். பேசமாட்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மா அருகிலிருந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து நான் போடட்டுமா" என்று கேட்டாள். நல்லதுதான், அவளுக்குச் சிரிப்புத் திரும்புகிறது.

நேற்று மருத்துவமனைக்குப் போய் நெட்டையனைப் பார்த்தேன். ஊர்திகள் நிற்கும் கொட்டகையில் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான், நாற்காலி இல்லாததால் ஊர்தியின் படியிலேயே இருவரும் அமர்ந்தோம். ஏனப்பா என்னிடம்கூடச் சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்தாய் என்றேன். "சொன்னா நீங்க தடுப்பீங்க, இல்லேன்னா கூட்டம் போட்டுடுவீங்க ஐயா" என்றான். பிரிவில் உன்னை மைக்செட் என்று அழைத்தார்களாமே, எனக்கு இதுவரை தெரியாது. "அப்பா அவ்வளவு பேசுறாரு, இது வாயே திறக்காது, அதனாலதான் அந்தப் பேரு" என்று சொல்லிச் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பிறகு, நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டறியாத ஒன்றைச் சொன்னான். இரண்டாம் முறை நீ திரும்பியதும், போதும், இனி யாரும் போகவேண்டாம் என்று அதிகாரி தலைமையிடத்திலிருந்து கம்பியில்லாக் கருவி வழியே தடுத்துவிட்டாராம். கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்து அவனும் கெஞ்சினானாம், "போகாத தங்கச்சி, பாலம் தாங்காது" என்று. நீ வண்டியைத் திருப்பிக்கொண்டே, "இன்னும் ஒருத்தர் கூப்பிடுற சத்தம் கேக்குதுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாயாம். தாய்மண்ணின் குரல் என்று அரங்கம் அதிர நான் முழங்கினேனே, அது இல்லையாம். ஒருவர் கூப்பிட்டார், உனக்குக் கேட்டது, நீ போனாய், அவ்வளவுதான். திரும்பி வரும்போதுதான் அந்தச் செவி போனது.

உறையில் அலுவலகத்தின் முகவரி எழுதிய தாளும் வைத்திருக்கிறேன், அங்கேயே நேராக அனுப்பு, எனக்கு அனுப்பினால் படித்துவிடுவேன். மருத்துவரிடம் போகத் தள்ளிப்போடாதே, அங்கே குளிர் மிகுதியென்றால் அந்தச் செவியைத் துணியால் மூடிக்கொள், வேலைக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் போகாதே. மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பைச் சொல். அம்மா தன் வாழ்த்தைத் தனியாக எழுத மாட்டாளாம். நீ வரும்போது தன் இடப்பக்கம் இடம் காலியாக இருக்கும், அதுவே போதும் என்கிறாள். நீ நீடு வாழ்க, நெஞ்சில் அமைதியோடு வாழ்க. முதல் வியாழனை மறவாதே. அன்று அக்கரையில் ஒருவர் கூப்பிட்டது உனக்குக் கேட்டது. இப்போது இக்கரையில் ஒருவன் கூப்பிடுகிறான், அவன் உரக்கக் கூப்பிடமாட்டான், அதனால்தான் நான் எழுதுகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா