காலைச் சுற்றிப் போட்ட சாக்பீஸ் கோடு

தையல்காரம்மாவுக்கு,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. ஆஸ்பத்திரித் தரையில் விழித்துக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்துத் தூங்கு. நான் கட்டு மாற்றக் கிளம்புகிறேன். ஆட்டோவில்தான் போகிறேன், திட்டாதே. சோறு வடித்திருக்கிறேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. டீச்சரம்மா, நீ முன்பே தைத்து முடித்த துணியை வாங்க வருவார். மடித்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

நேற்று நான், "மீதி மாத்திரை எதுக்கு? அந்தக் காசுல உன் மெஷினை அடகுலேருந்து மீட்டுடலாம்" என்றதும் நீ திரும்பிப் படுத்துக்கொண்டாய். யோசித்துப் பார்த்தேன்; என் பேச்சுதான் தப்பு. ஆணி கீறிய காலில் சிவப்பைச் சுற்றி நீ சாக்பீஸால் கோடு போட்டபோதும், "என் கால் என்ன ஜாக்கெட் துணியா?" என்று கிண்டல்தான் செய்தேன். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியதும் நீதான் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாய். "கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. நாளைக்கு வந்திருந்தா கை மீறியிருக்கும்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி முன்பணத்துக்கு மெஷினைத் தூக்கிக் கொடுத்தாய். இன்றுவரை ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை முழுவதையும் வாங்கி வருகிறேன், முழுவதையும் சாப்பிடுகிறேன். பில் பாக்கியைத் தவணையில் கட்ட முடியுமா என்றும் கேட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் ஜாக்கெட் துணி

பி.கு.: இவ்வளவு கோபத்திலும், நான் தூங்கிய பிறகு எழுந்து கட்டுக்கு வெளியே தெரிந்த சிவப்பைச் சுற்றிப் புதுக்கோடு போட்டிருக்கிறாய். காலையில்தான் பார்த்தேன். சிவப்பு, அந்தக் கோட்டுக்கு நன்றாக உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் படாமல்தான் குளித்தேன், கோடு அழியவில்லை.