குறையே இல்லாத கோப்பு

அனுப்புநர்
சு. ராஜசேகரன்,
(பதவி: பிரிவு அலுவலர். இம்மனுவை அளிப்பது தகப்பன் என்ற முறையில்)
மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு,
கிட்வாய் நகர், புது தில்லி.

பெறுநர்
திரு. சங்கரநாராயணன் அவர்கள்,
இணை இயக்குநர்,
தொழிற்கல்லூரி ஒப்புதல் வாரியம்,
புது தில்லி.

பொருள்: வேலாங்குறிச்சி பொன்னம்மாள் நினைவுப் பொறியியல் கல்லூரி – வரும் கல்வியாண்டில் கூடுதலாக அறுபது மாணவர்களைச் சேர்க்க அனுமதி – 25.6.2001 அன்று தங்கள் கையொப்பத்துக்கு வரவுள்ள கோப்பு – நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. ஆய்வுக் குழுவின் அறிக்கை, நாள் 22.3.2001.
2. அதன் மேல் நான் எழுதிய குறிப்பு, நாள் 11.4.2001.
3. என் மகள் என்னிடம் சொன்னது, நாள் 27.5.2001.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் அறைக்கு இரண்டு அறை தள்ளிப் பதினொரு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் நான். 4.6.2001 அன்று இதே விஷயத்தை நேரில் வந்து சொன்னபோது, "உம்ம பொண்ணு சொன்னதெல்லாம் ஃபைல்ல இல்லையேய்யா" என்று தேநீரை ஆற்றியபடி தாங்கள் தெரிவித்தீர்கள். கோப்பில் இல்லாதது பூமியிலும் இல்லை என்பது நம் வாரியத்தின் சித்தாந்தம். அதை மதித்து, கோப்பில் சேர்ப்பதற்கென்றே இதை எழுதித் தருகிறேன்.

1. என் ஒரே மகள் தமிழ்செல்வி தில்லியில் பிறந்து வளர்ந்தவள். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் பெற்றாள். பல்கலைக்கழக வடக்கு வளாகத்துக் கல்லூரி ஒன்றில் கணித இளங்கலைக்கான முதல் பட்டியலிலேயே இடமும் கிடைத்தது. அவளும் அதைத்தான் கேட்டாள். நான்தான் மறுத்தேன். பொறியியல் ஒப்புதல் பிரிவில் அதிகாரியாக இருந்துகொண்டு மகளைக் கணக்குப் படிக்க அனுப்பினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நாலு பேரில் ஒருவர்கூட இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

2. கல்லூரியை நான் தேர்ந்தெடுத்த முறையைப் பதிவு செய்வது அவசியம். மற்றத் தகப்பன்மார் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நான் விவரம் தெரிந்தவன் அல்லவா? என் பிரிவில் இருந்த நாற்பத்தொரு கல்லூரிகளின் கோப்புகளையும் உணவு இடைவேளையில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு கல்லூரி, இரண்டு கடைசல் இயந்திரங்கள் பழுது என்று எழுதியிருந்தது. இன்னொன்று, இயற்பியலுக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. இப்படி நாற்பது கோப்புகளில் ஏதாவது ஒரு குறை. பொன்னம்மாள் நினைவுக் கல்லூரிக் கோப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாயிரம் நூல்கள், அறுபது கணினிகள், காலியிடம் பூஜ்யம். இருபத்தெட்டு ஆண்டுகள் கோப்பு பார்த்தவன், குறையே இல்லாத ஒன்றைக் கண்டதும் பயந்திருக்க வேண்டும். நானோ உண்மை எழுதிய நாற்பது பேரைத் தள்ளிவிட்டுப் பொய் எழுதியவனிடம் பெண்ணைச் சேர்த்தேன்.

3. என் மனைவி தங்கம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயைக்கூட முறுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். ஒரு நடை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றாள். "குழு போய்ப் பார்த்திருக்கிறது" என்று பதில் சொன்னேன். அதை நான் சொன்ன தோரணையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

4. அந்தக் கல்லூரியின் உண்மை நிலை (பார்வை 3இன்படி): நூலகத்தில் இருப்பவை முந்நூறு நூல்கள். அவற்றிலும் பாதி, நிறுவனர் தம் தாயாரைப் பற்றி எழுதி அச்சிட்ட ஒரே புத்தகத்தின் பிரதிகள். கணினி அறையில் அறுபது திரைகள் உண்டு, உயிருள்ளவை பதினொன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று படித்திருக்கிறோம். தாங்களும் நானும் பல ஆண்டுகளாக அதைத்தான் முத்திரை குத்தி விநியோகித்து வருகிறோம்.

5. என் மகள் அழுது கடிதம் எழுதவில்லை. அவளும் விடுதித் தோழியர் நால்வரும் சனிக்கிழமை தோறும் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போய், மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். தமிழில் பெயர்ப்பலகை வாசிக்கத் தடுமாறியவள், பேருந்துப் பலகைகளைப் பார்த்தே சரளமாக வாசிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் பருவத் தேர்வில் கணிதத்தில் கல்லூரி முதலிடம். உடனே நிர்வாகம் அவளை அந்த முந்நூறு நூல்களின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, இந்த ஆண்டு விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் போட்டுவிட்டது. கூடுதல் அறுபது பிள்ளைகளைப் பிடிக்கும் தூண்டிலில் புழுவாக இருப்பது என் மகளின் முகம்.

6. ஆய்வுக் குழு மார்ச் மாதம் சென்றது. குழுத் தலைவரான பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் பேசவே பிரியப்பட்டார். கல்லூரி முதல்வருக்கு இந்தி தெரியாது. ஆகவே 'தில்லிப் பெண்' என்று என் மகளை அழைத்து, மாலை போடவும் விளக்கம் சொல்லவும் நிறுத்தினார்கள். நூலகத்தின் பெருமையைச் சொல் என்று முதல்வர் தமிழில் உத்தரவிட்டார். அவள் இந்தியில் சொன்னது இது: இந்தப் புத்தகங்கள் முந்தாநாள் நிறுவனரின் இன்னொரு கல்லூரியிலிருந்து லாரியில் வந்தவை, நாளை திரும்பிவிடும், எதை வேண்டுமானாலும் எடுத்துப் பதினேழாம் பக்கத்தில் அந்தக் கல்லூரி நூலகத்தின் முத்திரையைப் பாருங்கள். கணினி அறையிலும் இப்படியே சொன்னாள். அருகில் நின்ற முதல்வர் புரியாமல் புன்னகை செய்துகொண்டிருந்தார். எல்லாம் புரிந்த குழுத் தலைவரும் புன்னகைதான் செய்தார். "அச்சா, அச்சா" என்று தலையசைத்துவிட்டு, பட்டுப்புடவை எங்கே மலிவு என்று அவளிடமே விசாரித்திருக்கிறார்.

7. அவர் அளித்த அறிக்கையின் ஒன்பதாம் பத்தி: 'தில்லியைச் சேர்ந்த மாணவி ஒருவர் வசதிகள் அனைத்தையும் விரிவாக விளக்கினார். நிலைமை மனநிறைவளிக்கிறது.' இது என் மேஜைக்கு வந்தபோது, அந்த மாணவி என் மகள்தான் என்று உடனே ஊகித்தேன். பூரித்துப்போனேன். பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கத்திடம் வாசித்தும் காட்டினேன். மறுநாள், 'ஏற்கலாம்' என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டேன்.

8. மே மாத விடுமுறைக்கு அவள் வந்ததும் அதே பிரதியைப் பெருமையாக நீட்டினேன். இரண்டு முறை வாசித்தாள். "அப்பா, நான் எல்லாத்தையும் சொன்னேன். நல்லா கிளியரா சொன்னேன். அவரு அச்சான்னாரு. நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. இருபத்தெட்டு ஆண்டு சேவையில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படிக் குனிய வைத்ததில்லை. கல்லூரியை மாற்றிவிடலாம் என்றேன். தோழியர் நால்வரையும் விட்டுவிட்டு வரமாட்டேன், அங்கேயே படித்து முடிக்கிறேன், புதிதாக யாரையும் அங்கே அனுப்பாமல் இருந்தால் போதும் என்றாள். அவள் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான்.

9. ஆதலால், 25ஆம் தேதி கையொப்பமாகவுள்ள கோப்பை நிறுத்தி வைத்து, முன்னறிவிப்பின்றி, புடவைக்கடை தேடாத மூவரை அனுப்பிப் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துவரச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

10. இம்மனுவுக்கு என்ன நேரும் என்பதும் எனக்குத் தெரியும். எந்த மொழியிலும் மனு அளிக்க அரசியல் சட்டம் இடம் தருகிறது என்பதால் இதைத் திருப்பி அனுப்ப இயலாது. தாங்கள் திருநெல்வேலிக்காரர்; ஒரு வரி விடாமல் வாசிப்பீர்கள். பிறகு வாசிக்காதவர் போல ஓரத்தில் 'மொழிபெயர்ப்புக்கும் உரிய பிரிவின் கருத்துக்கும்' என்று எழுதித் தள்ளிவிடுவீர்கள். உரிய பிரிவு என்னுடையது. வாரியத்தில் தமிழ்க் காகிதங்களை மொழிபெயர்ப்பவனும் நானே. ஆகவே இரண்டு நாளில் இது என் மேஜைக்கே வரும். தங்கள் பொன்னான நேரத்தை மிச்சப்படுத்த, அப்போது நான் எழுதப்போகும் குறிப்பை இங்கேயே தந்துவிடுகிறேன்:

'மனுவில் கண்டவை அனைத்தும் உண்மை. 11.4.2001 நாளிட்ட எனது குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். கல்லூரிக்கு அனுமதி மறுக்கலாம். நேரில் பார்க்காமல் 'ஏற்கலாம்' என்று எழுதிய பிரிவு அலுவலர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இணை இயக்குநரின் கையொப்பத்துக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.'

இப்போது இது கோப்பில் இருக்கிறது, ஐயா.

இடம்: புது தில்லி
நாள்: 18.6.2001

இப்படிக்கு,
தமிழ்செல்வியின் தகப்பன்,
சு. ராஜசேகரன்

இணைப்பு: கல்லூரி விளம்பரப் புத்தகத்தின் அட்டை – ஒன்று. (படத்தில் மாணவியின் கையில் உள்ள நூல், மாவட்ட மைய நூலகத்தில் அவள் தன் பெயரில் இரவல் வாங்கியது.)