கடலுக்குப் போகாத நாள்

பெட்டி அடுக்க அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தேன். உன் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் தலையில் விழுந்தது. மீன் வாடை. புதுப் படகுக்குப் பூசும் ரெசின் வாடை. அடியில், மெலிதாக, உன் தலையெண்ணெய்.

நம் தொண்டு நிறுவனம் படகுகளோடு சேர்த்துக் கொடுத்தவை இந்த ஜாக்கெட்டுகள். கடலுக்குப் போகிறவர்கள் யாரும் போட்டுக்கொண்டதில்லை. மீனவர் ஊரான பட்டினச்சேரியில் மீன் விற்கும் பெண்கள் மடித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "எதுக்கோ பயன்படுதுல்ல, விடுடி" என்று சொல்லிவிட்டு நீயும் ஒன்றை வாங்கித் தலையணையாக்கிக்கொண்டாய்.

இன்று மாலைக்குள் நான் பதில் எழுத வேண்டும். அதே நிறுவனம், வேறொரு நாட்டுக் கடற்கரை. ஒரே ஒரு வேலையிடம்தான். பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நாம் இருவரும் விண்ணப்பித்தது. நீ இருந்திருந்தால் உனக்குத்தான் கிடைத்திருக்கும். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை.

சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் வெள்ளை ஜீப்புகள் ஓடிய நாட்கள். பல்கலைக்கழகத்தில் வளர்ச்சியைப் பாடமாகப் படித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். நீ காரைக்கால்காரி. நான் புதுச்சேரியிலிருந்து வந்து உங்கள் வீட்டு மாடியில் தங்கினேன். உன் வாப்பா துபாயில். உன் உம்மா தினமும் வாசலில் நின்று சொல்வார்: "படிச்ச புள்ளைங்க ரெண்டும் வெயில்ல கருவாடா காயுதுங்க."

பட்டினச்சேரியில் படகு கொடுத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. புதுப் படகுகள் கடலில் இறங்குவதைப் படம் பிடிக்க வேண்டும். எல்லாம் தயார். விடிகாலையில் ஊரில் ஒரு பெண் இறந்துபோனாள். ஊரில் சாவு விழுந்தால் ஒரு படகும் கடலுக்குப் போகாது. யாரும் அறிவிக்கவில்லை. யாரும் போகவில்லை, அவ்வளவுதான். படகுகள் மாலையோடு மணலில் கிடந்தன.

குழுத்தலைவர் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தயக்கத்தோடு கேட்டார்: ஒரே ஒரு படகு, பத்து நிமிடம் மட்டும், முடியுமா?

மொழிபெயர்க்க வேண்டியவள் நீ. பஞ்சாயத்தார் உன் முகத்தைப் பார்த்தார்கள்.

"சாவு வீட்டுக்கு வந்து துக்கம் கேக்கணுங்கிறாங்க" என்று அவர்களிடம் சொன்னாய்.

பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். "அதுக்கென்ன, வரச் சொல்லுங்க."

குழுவிடம் திரும்பி ஆங்கிலத்தில், "உங்களை அழைக்கிறார்கள்" என்றாய். அவர்கள் போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது, குடித்தார்கள். இறந்தவளின் மகள் வந்து குழுத்தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது வேனில் உன்னைக் கிள்ளினேன்.

"பொய் சொல்லிட்டியேடி."

"பொய்யில்லடி. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியல. நான் ஒண்ணைச் சொல்லி வெச்சேன்."

"வேலை போயிடும்."

"போனா உம்மாவுக்குச் சந்தோஷம். நெகம் வெட்டுடி மொதல்ல, ரத்தம் வருது."

வேலை போகவில்லை. சாவு வீட்டுப் படம் ஆண்டறிக்கையில் வந்தது. 'சமூகத்துடன் கலந்தாய்வு' என்று கீழே போட்டிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் உம்மா மாடிக்கே ஏறி வந்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வரி முழுப் பொய் என்று அன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

உன்னை எடுத்துக்கொண்டு போனபோது நான் பெண்களோடு உள்ளே இருந்தேன். ஓதினார்கள். எனக்கு ஓதத் தெரியாது. வெளியே வந்து பஸ் ஏறினேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. இறங்கியது பட்டினச்சேரி.

படகுகள் எல்லாம் கரையில் இருந்தன.

வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "காத்து சரியில்லம்மா" என்றார். லைஃப் ஜாக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்த பெண், கூடை காலி, அவரை முறைத்தாள். "காத்தாவது ஒண்ணாவது. அந்தத் துலுக்கூட்டுப் புள்ளைக்காகத்தாம்மா போவல." அவர் தலை நிமிரவில்லை. "ரெண்டுந்தான்னு வெச்சுக்கயேன்" என்றார்.

நீ அந்த ஊர்க்காரி இல்லை. அந்த வழக்கம் உனக்கு இல்லை. கடலைப் பார்த்தேன். அலை பெரிதாக இருந்ததா? எனக்குக் கடல் பார்க்கத் தெரியாது.

போன வாரம் தொலைபேசியில் நேர்காணல். எதிர்பார்த்த கேள்விதான்: உங்கள் பணியால் ஓர் ஊரில் நடந்த மாற்றம் ஒன்றைச் சொல்லுங்கள். படகுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவை எத்தனை முறை கடலுக்குப் போயின என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். போகாத ஒரு நாளைச் சொன்னேன். காரணம் என்ன என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகும் வேலை எனக்கே என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏன் என்று புரியவில்லை. உனக்கு வர வேண்டியது வழி தவறி வந்ததுபோல் இருக்கிறது.

உம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் மண்ணுதானே, போய்ட்டு வா" என்றார்.

சரி என்று எழுதப்போகிறேன். மொழி தெரியாத ஊர். துணிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு உன் ஜாக்கெட்டைப் பெட்டியின் அடியில் பரப்பியிருக்கிறேன். அங்கே எனக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பாராம். முதல் நாள் அவரிடம் கேட்க ஒரு கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. இந்த ஊரில் யாராவது இறந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அவர் என்ன சொன்னாலும் அதை நம்ப வேண்டியதுதான். நீ சொன்னதை அவர்கள் நம்பினார்கள் இல்லையா.