அவ்வளவு கல்லையும் எங்கே கொட்டினான்?

அன்பு மகள் யமுனாவுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் ரெங்கநாதர் தயவில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டை போட்டு, சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை அஜித்தும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் சண்டை மட்டும் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்து ரூமில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால் உன் பிரசவத்துக்கு மாமனாரோடு மெல்போர்ன் வருகிற உன் மாமியார் பையிலேயே இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவங்க வந்து சொல்லத்தான் போறாங்க. பிளேன் ஏற இரண்டு நாள் முன்னாலேயே திண்டுக்கல்லிலிருந்து வந்துவிட்டார்களே, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று நான் பெரிய கைடு மாதிரி கிளம்பினேன். மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாருக்கு ஏறுகிற வழியில் பாறையைக் குடைந்த கோயில் ஒன்று இருக்கிறதே, இது யாருங்க செஞ்சது என்று உன் மாமியார் பிலோமினா கேட்டார். சோழன் என்றேன். இந்தச் சிலை? சோழன். இந்த எழுத்து? அதுவும் அவன்தான், அவனுக்கு வேற என்ன வேலை என்றேன். பக்கத்தில் நின்ற காவலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இது பல்லவன் காலத்துதும்மா, போர்டை மறைச்சுக்கிட்டு நீங்கதான் நிக்கிறீங்க என்றார். இத்தனை வருஷமாக அந்த வழியாகத்தான் பிள்ளையாரைப் பார்க்க ஓடுகிறேன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அஞ்சாவதோடு நின்றவளுக்கு போர்டு என்ன, பூசணிக்காய் என்ன. பிலோமினா சிரித்த சிரிப்பில் அந்தப் பாறையே இன்னொரு தடவை குடைபட்டுப் போயிருக்கும்.

உங்கப்பா கதைக்கு வருகிறேன். நீ சர்ச்சில் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து இரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவர், அவர்களையும் அந்த திண்டுக்கல்காரங்க என்பாரே தவிர சம்பந்தி என்று ஒரு தடவை வாயில் வந்ததில்லை. நான் கெஞ்சிக் கூத்தாடியதில், வண்டியை நான் ஓட்டுறேன், வாயை நீ ஓட்டு என்று வாழைத்தார் ஏற்றுகிற வேனைக் கழுவிக்கொண்டு வந்தார். உன் மாமனார் தைரியராஜ் முன் சீட்டில். இவர் ரோட்டைப் பார்க்க, அவர் கியரைப் பார்க்க, துக்க வீட்டுக்குப் போகிற வண்டியே தோற்றுப்போகும். மலைக்கோட்டைக் குகையில், சிவன் ஒற்றைச் சடையை நீட்டி கங்கையைப் பிடிக்கிற சிலை முன்னால் பிலோமினா கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன். பேர் தெரியாத மனுசங்க எவ்வளவு பொறுமையா செஞ்சிருக்காங்க, இந்தக் கும்பிடு அவங்களுக்குத்தான் சம்பந்தி என்றார். உங்கப்பா அப்போதும் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து திருவெள்ளறை. அங்கே மாமியார் மருமகள் குளம் என்று ஒரு பழைய கேணி இருக்கிறது. நாலு பக்கமும் படி வளைந்து வளைந்து இறங்கும், ஒரு படித்துறையில் குளிக்கிறவளுக்கு அடுத்தவள் முகம் தெரியாது. என் மக வந்தா உங்களுக்கு இது தேவைப்படும் என்று பிலோமினாவிடம் சொன்னேன், நீ கோபப்படாதே. உங்கப்பா மட்டும் விளிம்பில் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். முசிறி வயலில் கிணறு வெட்டி, அந்தக் கல்லை வரப்பில் கொட்டி, பக்கத்து வயல் நவநீதனோடு இன்னும் தீராத சண்டை இருக்கிறதே, அந்த ஞாபகம் போல. யாரையும் பார்க்காமல் காற்றைப் பார்த்து, இம்புட்டும் தோண்டுனவன் அந்தக் கல்லையெல்லாம் எங்க கொட்டுனான் என்றார். உன் மாமனார் லாரி வைத்து ஜல்லி ஓட்டினவர் இல்லையா, அவரும் காற்றைப் பார்த்து, கோயில் மதிலுக்குப் போயிருக்கும் என்றார். அவ்வளவுதான். உங்கப்பா சட்டென்று திரும்பி, தப்பு சம்பந்தி, முழுத் தப்பு, சல்லியை வச்சு மதில் எழுப்புனா ஒரு ஐப்பசி மழை தாங்குமா என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிலோமினா என்னைக் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. சம்பந்தி என்று சொன்னது உங்கப்பாவுக்கே தெரியவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை, படுத்தினால் திரும்ப வாங்கிக்கொள்வார். கோயிலைச் சுற்றி, அங்கே இருக்கிற குகையைச் சுற்றி, ஒரே சத்தம். வெயில் அடங்கிய பிறகு உங்கப்பா அவரிடம் மெதுவாக, பொண்ணுக்கு ஏலரிசிப் பழம்னா உசுரு, கொண்டுபோக விடுவாங்களா என்று கேட்டார். விடமாட்டாங்க சம்பந்தி என்றதும், அந்த ஊரு வாழையெல்லாம் ருசிக்குமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ அழுது ஆகாதது, நான் பட்டினி கிடந்து ஆகாதது, பேர் தெரியாத யாரோ வெட்டிய ஒரு குழியில் ஆனது. அந்த மகராசர்களுக்கும், இரண்டு வருஷம் பொறுத்து நம் வீட்டுப் படி ஏறிய உன் மாமனார் மாமியாருக்கும் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். இரண்டொரு நாளில் உங்கப்பாவே போன் போடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. அழாதே, பழசை எடுக்காதே. அந்தக் கல்லையெல்லாம் எங்கே கொட்டியிருப்பாங்கப்பா என்று மட்டும் கேள், அதற்கப்புறம் நீ பேசவே வேண்டியிருக்காது.

நம் ரெங்கநாதர் கோயில் தாயார் உனக்கு சுகப்பிரசவம் தரட்டும், தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருங்க. இரும்புச் சத்து மாத்திரையைக் குப்பையில் போடாதே, எனக்கு இங்கிருந்தே தெரியும். பருப்புப் பொடி உனக்கு, அதிரசம் மாப்பிள்ளைக்கு, சுகர் இருக்கிற மாமனார் கண்ணில் காட்டாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆனந்தவள்ளி

ஒன்று விட்டுப்போனது. திருவெள்ளறையில் நானும் பிலோமினாவும் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு நின்றோம். ஆண்கள் இரண்டு பேரும் கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் போன் இரண்டும் வண்டியில் இருந்தன. டோல்கேட்டில் நாலு டீ சொல்லி, நாலும் வந்து, இரண்டு டீ ஆறின பிறகுதான் தெரிந்ததாம். நாங்கள் துறையூரிலிருந்து வந்த பஸ்ஸைப் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துகொண்டிருந்தோம். எங்களைத் தேடி அவர்கள் எதிரே வந்தார்கள். ஜன்னல் வழியாகக் கை காட்டினோம். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.