பள்ளிக்கூட வாசலில் நான் நின்றது

786

புதுவாயல்
12.10.2003

அன்பு மகள் முபீனாவுக்கு அம்மா மெஹர்னிசா சொல்லச் சொல்ல, தங்கை ஷஹனாஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா, முதலில் என் பேச்சு நான்கு வரி. அம்மா சொல்வதைப் பள்ளிக்கூடத் தமிழில்தான் எழுதுகிறேன், ஆனால் நடந்ததில் ஒன்றையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதை எழுதாதே என்று அம்மா சொன்னாலும் எழுதிவிடுவேன். நடுவில் நான் பேச வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் பேசுவேன். இனிமேல் 'நான்' என்று வந்தால் அது அம்மா.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் போர்ட் பிளேரில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் மூன்று பேரும் இங்கிருந்து கிளம்பிப் போன பிறகு வீடுதான் முன்பு மாதிரி இல்லை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் ஜங்ஷனுக்கு வந்துவிடுகிறது, இவள் எழுந்திருக்கும் முன்பே நான் போய்விடுகிறேன். மூன்று மணிக்குத் திரும்பினால் இவள் வர ஐந்தரை ஆகிறது. அந்த இரண்டரை மணி நேரமும் ரேடியோவைப் போட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இவளும் வந்தவுடன் நூலகப் புத்தகத்தைத் திறந்துகொள்கிறாள். இன்னும் பதினைந்து நாளில் நோன்பு ஆரம்பம். சஹருக்கு எழுந்தால் இரண்டு தட்டு போதும் என்பதை நினைத்தால் இப்போதே என்னவோ போல் இருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, அப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆகஸ்ட் மாதக் கடைசியில் இவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது, பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்று. நீ இருந்தவரை அந்த மாதிரிச் சீட்டுக்கெல்லாம் நீதானே போவாய். ஒன்றாம் வகுப்பில் இவளுடைய பென்சில் டப்பா தொலைந்தபோதுகூட நீ போய்ப் பேசித்தான் திரும்பக் கிடைத்தது. இவளுக்கு வாயே நீதான். நான் பள்ளிக்கூட வாசல் மிதித்தது உன்னைச் சேர்த்த அன்றும் இவளைச் சேர்த்த அன்றும் மட்டும். ஒரு ஷிப்டு லீவு போட்டுவிட்டு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கணக்கு டீச்சர் ஆரோக்கியமேரி, இவள் தினமும் தாமதமாக வருகிறாள், முதல் பீரியட் பாதி போன பிறகுதான் வருகிறாள், மூன்று தாமதத்துக்கு அரை நாள் ஆப்சென்ட், இப்படியே போனால் வருகை குறைந்து முழு ஆண்டுத் தேர்வு எழுத முடியாது, ஒன்பதாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வேண்டும் என்று சொன்னார். உடனே எல்லாரும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "கண்ணு ரெண்ட மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர், நான் ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்." உன்னைச் சேர்த்த அன்றும் அதையேதான் சொன்னேன். என் அத்தா என்னைப் பற்றியும் அதையேதான் சொன்னார். அது டீச்சருக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டீச்சர் அடிக்கவில்லை. இவளைப் பார்த்து, உங்கம்மாவே சொல்லிட்டாங்க பாத்தியா, என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து முதல் பீரியட் முடியும்வரை இவள் வராந்தாவில் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. (அக்கா, அந்த வராந்தாவில் நான் மட்டும்தான். சுவரில் ஒட்டியிருக்கும் தடுப்பூசி விளம்பரத்தைத் தினமும் படித்தேன், இப்போது மனப்பாடமாகச் சொல்வேன். உள்ளே டீச்சர் ஏதோ சொல்லி எல்லாரும் சிரித்தால், என்னவென்று தெரியாமல் நானும் சிரித்துவைப்பேன்.)

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "உள்ள போறதுக்கு முன்னாடி, ஏன் லேட்டுன்னு என்ன ஒரு வார்த்த கேட்டியாம்மா?" கேட்கவில்லை முபீனா. வழியெல்லாம் இவளோடுதான் போனேன், பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. (இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.)

அப்புறம்தான் சொன்னாள். இவள் காலை ஏழு ஐம்பதுக்கே ஜங்ஷனில் நிற்கிறாள். இலவச பாஸ் வைத்திருக்கிற பிள்ளைகளைக் கண்டால் பஸ் நிற்பதில்லையாம். யூனிபார்மைப் பார்த்ததும் தாண்டிப் போய், இறங்குகிறவர்களைத் தூரத்துப் பாலத்தருகில் இறக்கிவிட்டு, இவர்கள் ஓடிப் போவதற்குள் கிளம்பிவிடுகிறது. அன்று நான் டிக்கெட் வாங்கும் ஆளாகப் பக்கத்தில் நின்றதால் ஒழுங்காக நின்றிருக்கிறது, அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானே மறுபடி போய் டீச்சரிடம் சொல்கிறேன் என்று கிளம்பினேன். கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்கிற கெங்கம்மாள்தான் தடுத்தாள். "உம் பொண்ணு கத அது, நீ போயி இன்னாத்த சொல்வ? நாளைக்கி காலேஜிக்கும் நீயே போவியா?" என்றாள். ஊமை மாதிரி இருக்கிறவளைப் போய்ப் பேசச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நீ பேசினாய், நீ போனதும் நான் பேசினேன், இவள் பேச யார் இடம் கொடுத்தோம்?

எங்கள் கம்பெனியில் மெஷின் நின்றுவிட்டால் சூப்பர்வைசரிடம் அழுது பிரயோஜனம் இல்லை. எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிஷம் நின்றது என்று நோட்டில் எழுதியிருந்தால்தான் பேச்சு எடுபடும். அதே மாதிரி எழுது என்று இவளிடம் சொன்னேன். பழைய நோட்டில் தேதி போட்டு, பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எங்கே நின்றது, எத்தனை பிள்ளைகளை விட்டுப் போனது என்று பன்னிரண்டு நாள் எழுதினாள். அதில் ஒன்பது நாள் நிற்கவில்லை. அந்த நோட்டோடு இவளே தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் போய்ப் பேசுவது என்று முடிவானது. சாயங்காலம் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரிய டீச்சராக உட்காருவேன், இவள் வந்து சொல்ல வேண்டும். முதல் நாள் கதவருகே வந்து நின்றே அழுதுவிட்டாள். நான், இன்னாமே, இன்னா விசயம், என்று அதட்டினால், பெரிய டீச்சர் அப்படிப் பேச மாட்டாங்க என்கிறாள். "எவ எப்டி பேசுனா உனக்கு இன்னா? நீ உம் பேச்ச பேசு" என்றேன். அழுதால் அழுதுகொண்டே சொல், நிறுத்தாதே, என்றும் சொல்லிவைத்தேன்.

போன வியாழக்கிழமை ஷிப்டு மாற்றிக்கொண்டு நானும் போனேன், ஆனால் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே இவளுடைய சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கால் மணி நேரம்தான் ஆனது என்று பிறகு சொன்னாள், எனக்கு ஒரு ஷிப்டு போல இருந்தது. உள்ளே ஓடிப்போய், அவ சின்னப் பொண்ணு மேடம், என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று எனக்கு என்மேலேயே பயம்.

உள்ளே நடந்தது இவள் சொன்னபடி. "நான் லேட்டா வர்றது நெசந்தான் மேடம், வேணும்னு வரல" என்று ஆரம்பித்து, குரல் நடுங்கினாலும் நிறுத்தாமல் சொல்லி, நோட்டைக் கொடுத்திருக்கிறாள். பெரிய டீச்சர் முழுவதும் படித்துவிட்டு, இதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டாராம். எழுதச் சொன்னது அம்மா, எழுதியது நான், என்றிருக்கிறாள். ஆரோக்கியமேரி டீச்சரையும் கூப்பிட்டார்கள். மொதல்லயே சொல்லிருந்தா நான் இன்னா கடிச்சா தின்னுருப்பேன், என்று அவர் கேட்க, இவள், "சொல்லத்தான் வந்தேன் டீச்சர், அன்னிக்கி எங்கம்மா முந்திக்கினாங்க" என்றாளாம். டீச்சர் சிரித்துவிட்டாராம். நோட்டைப் பார்த்துப் படி எடுத்து பஸ் டிப்போவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கடிதம் எழுதுகிறார்கள். பஸ் சரியாகும்வரை இவள் எப்போது வந்தாலும் வகுப்புக்குள் போகலாம், தாமதம் போட மாட்டார்கள். ஏற்கெனவே போட்ட ஆப்சென்ட் போட்டதுதான், ஆனால் இனி ஒரு நாளும் விடாமல் போனால் தேர்வு எழுதிவிடலாம் என்று பெரிய டீச்சரே கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டருகில் வந்து ஒரே மூச்சில் சொன்னாள். டப்பாவை வாங்கிக்கொண்டாள், மணி அடித்தது, ஓடிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. நல்லதுதான் நடந்தது, ஆனாலும் பஸ்ஸில் தனியாக வரும்போது நெஞ்சு காலியாக இருந்தது.

பேத்தியை வருகிற ஜூனில் பள்ளியில் சேர்ப்பாய். இது ஒன்றை மறக்காதே. தோலை உரியுங்கள் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே. சீட்டு வந்தால் முதலில் பிள்ளையைக் கேள், பிறகு டீச்சரைக் கேள். அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல நசீபையும் தரட்டும். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் மளிகைக்கடை போனுக்குக் கூப்பிடு, நாலு மணிக்கு மேல் நான் அங்கே நிற்கிறேன்.

துஆவுடன் அம்மா,
மெஹர்னிசா

(அக்கா, கையெழுத்து அம்மாவே போட்டது. இனி வருவதை வாசித்துக் காட்டும்போது தாண்டிவிடுவேன். நான் திரும்பிப் பார்த்தேன். மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன், அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தால் கூப்பிடுகிறேன் என்று நினைத்து உள்ளே வந்துவிடுவாரோ என்று அசைக்கவில்லை. முதல் பீரியட் பாதியிலும் எட்டிப் பார்த்தேன், அப்போதும் நின்றார். நான் பார்த்ததை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. காலையில் வேன் இருக்கிறது என்று சொல்லி அம்மா லைட்டை அணைக்க எழுந்துவிட்டார்.)