கதவு திறக்காத வோஷிங் மெசின்

நெளுக்குளத்து வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ராசு அண்ணையின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு உறுமிக்கொண்டு நின்றது. சிவதர்சினி வயலுக்குப் போன கணவன் நிருஷனுக்குக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவசரமாக எழுதினாள்.

“இஞ்சேருங்கோ, சோறும் மீன்குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கிறன்.

புது வோஷிங் மெசின் இண்டைக்கும் கதவு திறக்கேல்லை. இன்டர்நெட்டில அப்டேட் செய்தால்தான் திறக்குமாம், செய்தாலும் திறக்குதில்லை. கடைக்காரர் கொம்பனியோட கதைக்கச் சொல்லுறார். கொம்பனிக்குக் கோல் எடுத்தால் பாட்டுத்தான் போகுது. உடுப்பெல்லாம் உள்ளுக்க ஊறி நாறுது. அதால மெசினை உடுப்போட ஏத்திக்கொண்டு வவுனியாவுக்குப் போறன். திறந்து தரும்வரைக்கும் கடை வாசல்ல இருப்பன் எண்டு கடைக்காரருக்கும் சொல்லியிருக்கிறன்.

‘விடும், சண்டை பிடிக்காதையும்’ எண்டு ராத்திரி சொன்னீங்கள். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகேல்லை. ஆனால் என்னைப் பொம்பிளை பார்க்க வரேக்க நீங்கள் போட்ட நீலச் சேட்டும் அதுக்குள்ளதான் கிடக்குது. அதை நான் விடமாட்டன்.”

எழுதி முடித்ததும் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பேசிவிட்டு, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

“கடைக்காரர் இப்ப எடுத்தவர். ‘அக்கா, மெசினைக் கொண்டு வராதேங்கோ, ஆக்கள் பாப்பினம். நாளைக்குக் கட்டாயம் ஆள் அனுப்புறன்’ எண்டு கெஞ்சுறார். ஆக்கள் பார்க்கத்தான் கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”