மாதம் ஒரு மெசேஜ்

தி. நகர்
செப்டம்பர் 2020

சிந்து,

நேற்று நீ கடைக்கு வந்தபோது நான் உள்ளறையில்தான் இருந்தேன். அப்பாவிடம் நீ சொன்னது கேட்டது.

"மாசாமாசம் பி.எஃப். மெசேஜ் வந்துக்கினே இருந்துச்சு அண்ணாச்சி. வேலை கீதுன்னுதான் கிண்டி கம்பெனில கூப்ட்டும் போவல."

"இப்ப யாவாரமே இல்லையேம்மா. உன்னய எங்கன நிறுத்த?" என்றார் அப்பா.

ஊரடங்கில் ஆட்களை வைத்துக்கொண்ட சிறு கடைகளுக்கு பி.எஃப். பணத்தை அரசே கட்டியது. பட்டியலில் குறைந்த சம்பளக்காரர்கள் குறைந்தால் அந்த உதவி நின்றுவிடும். அதனால் ஊரடங்கில் உன்னை வேலையை விட்டு அனுப்பிய பிறகும் உன் பெயரை அப்பா எடுக்கவில்லை. உனக்குக் கொடுக்காத சம்பளத்தைக் கொடுத்ததாக மாதாமாதம் கணினியில் ஏற்றியது நான். உனக்கு மெசேஜ் போகும் என்று தெரியாது.

தெரியாது என்றுதான் எழுத நினைத்தேன்.

ஆனால் ஜூலையில் நீ போன் செய்து, "மெசேஜ் வருதே, எனக்கு எடம் கீதா?" என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். அப்படிச் சொல்லச் சொல்லி அப்பா கேட்கவில்லை.

ஆறு மாதப் பட்டியல்களின் நகலை இதில் வைத்திருக்கிறேன். பி.எஃப். ஆபீசில் கொடு. எல்லாத் தாளிலும் இருப்பது என் கையெழுத்து.

சைவக்கார அப்பாவுக்குத் தெரியாமல்
உன் சாப்பாட்டு டப்பாவில் மீன் தின்றவள்